ஐந்து டாலர் டிக்கெட்: ஃபுகாசி குழு பற்றி வாசகர்கள் கேட்டவை

பெரிய இசைத்தட்டுக் கம்பெனி எதையும் சாராமல் இயங்கிய ராக் குழுக்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் வாஷிங்டன் நகரத்து ஃபுகாசியைப் பற்றியவை. அதனால் இந்த இதழ்ப் பகுதி முழுக்க அவர்களுக்கே. சொந்தக் குழு வைத்திருப்பவர்கள் கேட்ட தொழில் சந்தேகங்களுக்கும் கூடியவரை அவர்கள் செய்ததை வைத்தே பதில் தந்திருக்கிறோம்.

ஃபுகாசி என்ற பெயரை மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன். யார் இவர்கள்? எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?
(வாசகர், தூத்துக்குடி)

நான்கு பேர். இயன் மெக்கையும் கீ பிச்சோட்டோவும் பாட்டும் கிட்டாரும். ஜோ லாலி பேஸ். பிரெண்டன் கான்டி டிரம்ஸ். 1987 செப்டம்பர் 3 அன்று வாஷிங்டன் வில்சன் சென்டரில் முதல் கச்சேரி. அன்று மேடையில் மூன்று பேர்தான். பிச்சோட்டோ பிறகு வந்து சேர்ந்தார். மெக்கை அதற்கு முன் மைனர் திரெட் குழுவின் பாடகர். பிச்சோட்டோவும் கான்டியும் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழுவில் இருந்தவர்கள். இவர்களுடைய ஆல்பங்கள் எல்லாமே டிஸ்கார்ட் என்ற உள்ளூர் இசைத்தட்டு நிறுவனத்தின் வெளியீடு. அதை 1980ல் மெக்கையும் ஜெஃப் நெல்சனும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கினார்கள்.

முதலில் ‘13 சாங்ஸ்’ கேளுங்கள். 1988, 1989 ஆண்டுகளில் வந்த இரண்டு சிறிய தட்டுகளைச் சேர்த்த தொகுப்பு அது. பிறகு 1995ன் ‘ரெட் மெடிசின்’, கடைசியாக 2001ன் ‘தி ஆர்கியுமென்ட்’. எங்கள் கணிப்பில் அவர்கள் செய்தவற்றில் மிகச் சிறந்தது இந்தக் கடைசி ஆல்பம்தான். இரண்டாவது டிரம்மர், செல்லோ எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதில் தொடங்கினால் அவர்கள் எங்கிருந்து அங்கே வந்தார்கள் என்பது பிடிபடாது.

டிக்கெட் ஐந்து டாலர்தான் என்று கடைசிவரை பிடிவாதமாக இருந்தார்களாமே? நஷ்டம் வரவில்லையா? கொள்கைக்காகக் கையைச் சுட்டுக்கொண்டார்களா?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

கையைச் சுட்டுக்கொள்ளவில்லை. நன்றாகவே சம்பாதித்தார்கள். பெரும்பாலான கச்சேரிகள் ஐந்து டாலர்; பிற்காலத்தில் செலவு கூடிய சில ஊர்களில் ஒன்றிரண்டு டாலர் ஏறியது. 1988ன் ஐந்து டாலர் இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 13 டாலர். குறைவுதான், ஆனால் இனாம் இல்லை.

கணக்கை ஒரு மாதிரி எடுத்துக்காட்டில் பாருங்கள். அரங்கில் 800 பேர். வசூல் 4,000 டாலர். அரங்க வாடகை, ஒலிபெருக்கி, காவலர், சுவரொட்டி, முன்னால் வாசிக்கும் குழுவின் சம்பளம் எல்லாம் சேர்த்து 1,800 போகட்டும். மீதி 2,200. அதில் ஏற்பாட்டாளரின் பங்கு போக 1,700 குழுவுக்கு வந்தால், வேன் பெட்ரோலும் சாப்பாடும் ஒலிப்பதிவாளர் சம்பளமும் போக நால்வருக்கும் கையில் நிற்கும்.

இப்போது அதே 800 பேருக்கு 12 டாலர் வைக்கும் குழு. வசூல் 9,600. மேனேஜருக்கு வழக்கமாக 15 முதல் 20 சதவீதம், கச்சேரி ஏஜென்டுக்கு 10 சதவீதம். இரண்டும் குழுவுக்கு வரும் மொத்தத் தொகையில் பிடிக்கப்படும், மிச்சத்தில் அல்ல. அதன் பிறகு தூங்கும் வசதியுள்ள பேருந்து, அதன் ஓட்டுநர், விளக்கு ஆட்கள், எட்டுப் பத்துப் பேருக்கு ஓட்டல் அறை. கச்சேரி இல்லாத நாளிலும் இந்தச் செலவு ஓடிக்கொண்டேயிருக்கும். அந்தக் குழு ஊர் திரும்பும்போது கடனோடு திரும்புவது சர்வ சாதாரணம்.

ஃபுகாசிக்கு மேனேஜர் கிடையாது. ஏஜென்ட் கிடையாது. மெக்கையே தொலைபேசியில் ஊர் ஊராகப் பேசிக் கச்சேரிகளைப் பிடித்தார். பயணம் வேனில், ஆரம்ப வருடங்களில் இரவு தங்கல் நண்பர்கள் வீட்டுத் தரையில். விளக்கு அலங்காரம் கிடையாது. மேடையில் வெள்ளை வெளிச்சம் இருந்தால் போதும். டிக்கெட் விலையை முதலில் நிர்ணயித்துவிட்டு, அதற்குள் அடங்காத செலவை ஒவ்வொன்றாக வெட்டினார்கள். மற்றவர்கள் செலவை முதலில் போட்டுவிட்டு டிக்கெட்டை அதற்கேற்ப ஏற்றினார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். ஐந்து டாலருக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஒரே நோட்டு, சில்லறைப் பிரச்சினை இல்லை, வாசலில் வரிசை வேகமாக நகரும்.

இதை நீங்கள் செய்து பார்ப்பதானால் இரண்டு இடத்தில் இடறும். ஒன்று, ‘நிச்சயத் தொகை’ கேட்பது. குறைந்த டிக்கெட்டில் நிச்சயத் தொகையும் கேட்டால், கூட்டம் வராத அன்று ஏற்பாட்டாளர் தன் பையிலிருந்து தரவேண்டும். அடுத்த முறை அவர் கூப்பிடமாட்டார். செலவு போக மிஞ்சியதில் சதவீதம் என்று பேசினால்தான் இருவருக்கும் தாங்கும். இரண்டு, விலையை வாய்வார்த்தையாக விடுவது. ‘சேவைக் கட்டணம்’ என்று ஒன்றைச் சேர்த்து வாசலில் வேறு விலை வாங்குவார்கள். வாசல் விலை, யாருக்கெல்லாம் இலவச அனுமதி, செலவுப் பட்டியல், இரவே கணக்கு முடிப்பது ஆகிய நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதி முன்கூட்டியே ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள்.

எல்லா வயதினரையும் அனுமதிக்காத இடத்தில் வாசிக்கமாட்டோம் என்றார்களாம். அமெரிக்காவில் அது அவ்வளவு கஷ்டமான நிபந்தனையா?
(வாசகி, தஞ்சாவூர்)

கஷ்டமான நிபந்தனைதான். அங்கே ராக் கிளப்புகளின் வருமானம் பெரும்பாலும் மதுவிற்பனையில். 1984ல் வந்த கூட்டரசுச் சட்டத்தின் அழுத்தத்தால் மாநிலங்கள் மது வாங்கும் வயதை 21 ஆக்கின. பதினாறு வயதுப் பிள்ளைகளை உள்ளே விட்டால் விற்பனை குறையும், உரிமத்துக்கும் ஆபத்து. அதனால் பல கிளப்புகள் ’21க்கு மேல் மட்டும்’ என்று பலகை மாட்டிவிட்டன. இந்த இசையை அதிகம் தேடியவர்களோ பள்ளிப் பிள்ளைகள்.

மெக்கையின் முதல் குழுக்களில் ஒன்றான டீன் ஐடில்ஸ் 1980ல் கலிஃபோர்னியா போனபோது, சான்ஃபிரான்சிஸ்கோ கிளப் ஒன்றில் வயது குறைந்தவர்களின் புறங்கையில் மையால் பெரிய பெருக்கல் குறி போட்டு உள்ளே விட்டார்கள். குறி உள்ளவருக்கு மது தரக்கூடாது என்பது ஏற்பாடு. ஊர் திரும்பி வாஷிங்டன் கிளப்பிலும் அதையே செய்யும்படி கேட்டார்கள். அந்தக் குறிதான் பிறகு மது, போதை வேண்டாம் என்ற இளைஞர்களின் அடையாளமாகப் பரவியது.

ஃபுகாசி இதற்குக் கண்ட வழி, கிளப்பை விட்டு வெளியே வருவது. தேவாலயக் கூடம், சமூகக் கூடம், பள்ளி விளையாட்டரங்கம் என்று இடம் தேடினார்கள். அங்கே மதுவிற்பனை இல்லை, ஆகவே வயதுத் தடையும் இல்லை. ஆனால் ஒலிபெருக்கி வாடகைக்கு எடுக்கவேண்டும், சுவர் எதிரொலிக்கும், மின் இணைப்பு போதாது. சொந்த ஊரில் அவர்கள் வாசித்தவை பெரும்பாலும் ஏதாவது நற்பணிக்கு நிதி திரட்டும் கச்சேரிகள், அல்லது ஃபோர்ட் ரீனோ பூங்காவின் கோடைகால இலவசக் கச்சேரிகள். வளைகுடாப் போர் மூளும் நேரத்தில், 1991 ஜனவரி 12 அன்று, வெள்ளை மாளிகைக்கு எதிரே லஃபாயெட் பூங்காவில் குளிரில் நின்று வாசித்தார்கள்.

பிள்ளைகள் வருவதால் கூட்டத்தில் முட்டிமோதுவதை அவர்கள் சகித்ததில்லை. ஒருவர் மற்றவரை இடித்துத் தள்ளினால் பாட்டைப் பாதியில் நிறுத்துவார்கள். பேசிப் பார்ப்பார்கள். கேட்கவில்லை என்றால் ஆளை வெளியே அனுப்பி, உறையில் போட்டு வைத்திருக்கும் ஐந்து டாலரைக் கையில் கொடுத்துவிடுவார்கள். காசைத் திருப்பித் தந்தபின் ‘நான் காசு கொடுத்திருக்கிறேன்’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

நிர்வானா குழு புகழ்பெற்றபின் எல்லாக் குழுக்களும் பெரிய கம்பெனிக்குப் போயின. இவர்களுக்கு மட்டும் அழைப்பு வரவில்லையா?
(வாசகர், பெங்களூரு)

வந்தது. 1993ல் நியூயார்க் கச்சேரிக்கு அட்லாண்டிக் நிறுவனத்தை உருவாக்கிய அகமது எர்டெகனே நேரில் வந்து அழைத்தார். மறுத்துவிட்டார்கள்.

பெரிய கம்பெனிக்குப் போனவர்கள் எல்லாரும் கெட்டுப்போனார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆர்.ஈ.எம். குழு 1988ல் வார்னர் கம்பெனிக்குப் போய் இன்னும் பல நல்ல ஆல்பங்கள் செய்தது. சோனிக் யூத் 1990ல் கெஃபன் பக்கம் போயும் தன் போக்கிலேயே வாசித்தது. ஹஸ்கர் டூ 1986ல் வார்னரில் சேர்ந்து, இரண்டு ஆல்பம் கொடுத்து, 1988 தொடக்கத்தில் உடைந்தது. அதற்குக் காரணம் கம்பெனி மட்டும் அல்ல.

புரிந்துகொள்ள வேண்டியது முன்பணத்தின் தன்மை. அது பரிசு அல்ல, உங்கள் பங்கிலிருந்து மட்டும் கழிக்கப்படும் கடன். எடுத்துக்காட்டாக, 15 டாலர் சிடியில் குழுவுக்கு 10 சதவீதம் என்றால் ஒன்றுக்கு 1.50. முன்பணமும் ஸ்டூடியோச் செலவும் 3,00,000 டாலர் ஆனால், 2,00,000 சிடி விற்றபின்தான் முதல் காசு கைக்கு வரும். கம்பெனியோ தன் போட்ட பணத்தை அதற்கு வெகுமுன்பே எடுத்துவிடும். ஃபுகாசியின் சிடி தபால் செலவோடு எட்டு, பிறகு பத்து டாலர். கடைக்காரர் கூட்டி விற்காதபடி அட்டையிலேயே விலையை அச்சடித்தார்கள். லாபத்தில் பாதிப் பங்கு என்றால் அந்த விலையிலும் குழுவுக்கு மேற்படி 1.50ஐ விடக் குறையாது. அதுவும் முதல் சில ஆயிரம் பிரதிகளிலேயே வரத் தொடங்கிவிடும். 1993ல் அவர்களுடைய ‘இன் ஆன் தி கில் டேக்கர்’ ஆல்பம், அமெரிக்க ஆல்பம் விற்பனைப் பட்டியலான பில்போர்டு 200க்குள் நுழைந்தது. அப்போதும் அதே விலைதான், அதே அலுவலகம்தான்.

டிஸ்கார்ட் நிறுவனத்தில் ஒப்பந்தப் பத்திரமே கிடையாதாம். எங்கள் குழுவுக்கும் ஒரு நண்பர் அப்படியே செய்துதருகிறேன் என்கிறார். நம்பலாமா?
(இசைக்குழு உறுப்பினர், கோவை)

நண்பரை நம்புங்கள், ஆனால் எழுதி வையுங்கள். டிஸ்கார்டில் பத்திரம் இல்லாமல் நடந்ததற்குக் காரணம் உண்டு. எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள், நிறுவனத்தை நடத்துபவரே வாசிப்பவர், கணக்கு யார் கேட்டாலும் காட்டும் நிலையில் இருந்தது.

சிகாகோவின் டச் அண்ட் கோ என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்கும் அதே நடைமுறைதான். செலவு போக லாபத்தில் ஆளுக்குப் பாதி, வாய்மொழி ஒப்பந்தம். அங்கே தட்டு வெளியிட்ட பட்ஹோல் சர்ஃபர்ஸ் குழு பெயர் வாங்கியபின் பழைய பதிவுகளைத் திரும்பக் கேட்டது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், காலவரை குறிப்பிடாத அந்த வாய்மொழி உரிமத்தைக் குழு முடித்துக்கொள்ளலாம் என்று 1999ல் தீர்ப்பானது. வருடக்கணக்கில் நேர்மையாகப் பாதிப் பங்கு கொடுத்துவந்த நிறுவனத்துக்குப் பெரிய அடி. எழுத்து இல்லாததால் அடிபட்டது குழு அல்ல, நிறுவனம் என்பதைக் கவனியுங்கள். பத்திரம் இரண்டு பக்கத்தையும் காக்கும்.

ஒரு பக்கம் போதும். பதிவின் உரிமை யாருக்கு. எத்தனை வருடத்துக்கு வெளியிடும் அனுமதி (ஐந்து முதல் ஏழு நியாயம்). ‘செலவு’ என்பதில் எவையெல்லாம் அடங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. காலம் முடியும்போது விற்காத பிரதிகள் யாருக்கு. சண்டை வருவது எப்போதும் மூன்றாவதில்தான். வீடியோச் செலவைக் கழிக்கலாமா, பத்திரிகைகளுக்குக் கொடுத்த ஐம்பது இலவசப் பிரதிகளை யார் கணக்கில் எழுதுவது என்பதைத் தட்டு விற்கத் தொடங்குமுன் பேசிவிடுங்கள்.

இன்னொரு ஆபத்து யாருக்கும் தோன்றாதது: நன்றாக விற்பது. 1983ல் மைனர் திரெட்டின் ‘அவுட் ஆஃப் ஸ்டெப்’ விற்றுத் தீர்ந்தது. கடைகள் மேலும் கேட்டன. ஆனால் மொத்த வியாபாரிகள் பழைய பாக்கியைத் தராததால் மறுபதிப்புக்கு டிஸ்கார்டிடம் பணம் இல்லை. லண்டன் சதர்ன் ஸ்டூடியோவின் ஜான் லோடர் தட்டு அச்சிடும் செலவைத் தான் முன்போட்டு, விற்றபின் எடுத்துக்கொள்ள முன்வந்தபிறகே மூச்சு விட முடிந்தது. முதல் பதிப்பில் வரும் பணத்தைப் பங்கு போடாமல், மறுபதிப்புக்கு வேண்டிய தொகையைத் தனியே வைத்துவிட்டு மீதியைப் பிரியுங்கள்.

எங்களுடைய 50 நிமிட ஆல்பத்தை 300 எல்.பி. தட்டுகளாக வெளியிடப் போகிறோம். எதில் கவனமாக இருக்கவேண்டும்?
(இசைக்குழு, சென்னை)

முதலில் 50 நிமிடத்தைக் குறையுங்கள். பன்னிரண்டு அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம்தான் நல்ல சத்தத்தோடு நிற்கும். 25 நிமிடத்தைத் திணித்தால் வரிப்பள்ளங்களை (ஊசி ஓடும் கோடுகளை) நெருக்கி வெட்டவேண்டும். அதற்கு ஒலி அளவைக் குறைக்கவேண்டும். அப்போது தட்டின் இயல்பான இரைச்சல் மேலே வந்துவிடும். ஃபுகாசியின் ‘ரிப்பீட்டர்’ ஆல்பம் 35 நிமிடம்தான். சிடியில்தான் கூடுதலாக மூன்று பாட்டு சேர்த்தார்கள். நீங்களும் இரண்டு பாட்டை டிஜிட்டல் வெளியீட்டுக்கு ஒதுக்கிவிடலாம். இரட்டைத் தட்டு போட்டால் செலவும் ஏறக்குறைய இரட்டிப்பு.

பாட்டு வரிசையும் முக்கியம். தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும், வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது, உள் ஓரத்தில் 21 செ.மீ.தான். ஆகவே பக்கத்தின் கடைசிப் பாட்டில் உச்ச ஒலிகள் கரகரக்கும். சிம்பலும் கூச்சலும் நிறைந்த பாட்டை அங்கே வைக்காதீர்கள். நிதானமான பாட்டு அங்கே பாதுகாப்பு.

இணையத்துக்குச் செய்த மாஸ்டரை (இறுதி ஒலிக்கோப்பை) அப்படியே அனுப்பக்கூடாது. தட்டுக்குத் தனி மாஸ்டர் வேண்டும்: உச்ச ஒலியை அமுக்கும் லிமிட்டரைத் தளர்த்தி, ஏறக்குறைய 150 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள பேஸை மோனோவாக்கி (இடதும் வலதும் ஒன்றாக்கி), பாடகரின் ‘ஸ்’ ஒலியை 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் அடக்கி. பேஸ் இடதும் வலதுமாகப் பிரிந்திருந்தால் பள்ளத்தின் ஆழம் மாறி ஊசி துள்ளும். ‘ஸ்’ கூர்மையாக இருந்தால் துப்புவதுபோல் கேட்கும். ஒவ்வொரு பக்கத்தையும் பாட்டுகளுக்கு இடைவெளி விட்டு ஒரே 24 பிட் கோப்பாக, நேரக் குறிப்புடன் அனுப்புங்கள்.

தொழிற்சாலையில் முதலில் அரக்குப் பூச்சுள்ள அலுமினியத் தகட்டில் வரி வெட்டுவார்கள். அதன்மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் படியவைத்து, அதிலிருந்து அச்சு எடுப்பார்கள். ஒரு அச்சு ஆயிரம் தட்டு வரை தாங்கும். இந்த ஆரம்ப வேலைக்கான செலவு 100 தட்டுக்கும் 300 தட்டுக்கும் ஒன்றே. அதனால்தான் சிறு எண்ணிக்கையில் ஒரு தட்டின் அடக்கவிலை எகிறுகிறது. அந்த அரக்குத் தகடு செய்த இரண்டே தொழிற்சாலைகளில் ஒன்று, கலிஃபோர்னியாவில் இருந்தது, 2020 பிப்ரவரியில் எரிந்துபோனது. இந்தத் தொழில் எவ்வளவு சிறு கயிற்றில் தொங்குகிறது என்று அப்போதுதான் பலருக்கும் தெரிந்தது. வெளியீட்டு விழாத் தேதியைத் தட்டு கைக்கு வந்தபிறகே குறியுங்கள்.

மாதிரித் தட்டுகள், வழக்கமாக ஐந்து, வரும். இதில் சோம்பல்படக்கூடாது. எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் முழுதாக, குறைந்தது இரண்டு வெவ்வேறு பிளேயர்களில் கேளுங்கள். ‘டிக்’ என்ற ஒலி ஐந்திலும் ஒரே இடத்தில் வந்தால் கோளாறு அச்சில். மறுபடி செய்யச் சொல்லவேண்டும். ஒன்றில் மட்டும் வந்தால் அந்தத் தட்டோடு போயிற்று. நீண்ட ஸ்வரம் மெல்ல ஏறி இறங்கி அலைபாய்ந்தால் நடுத்துளை தள்ளிப்போயிருக்கிறது. சரி என்று எழுதிக் கொடுத்தபின் 300ம் அதே குறையோடுதான் வரும்.

வந்த பெட்டிகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள். சித்திரை வெயிலில் காரில் அரைநாள் விட்டால் தட்டு அப்பளமாக வளைந்துவிடும்.

கையில் பணம் குறைவு என்று தயங்குபவர்களுக்கு: டிஸ்கார்டின் முதல் வெளியீடு டீன் ஐடில்ஸின் ஏழு அங்குலத் தட்டு, 1,000 பிரதி. பணம், அந்தக் குழு கச்சேரிகளில் சேர்த்த சுமார் 600 டாலர். உறை அச்சிட்டுத் தரும் செலவை மிச்சப்படுத்த, வேறொரு தட்டின் உறையைப் பிரித்துப் பார்த்து அதே அளவில் தாளை வெட்டி, மடித்து, ஒட்டி, ஒவ்வொன்றாக வீட்டில் உட்கார்ந்து செய்தார்கள்.

எங்கள் குழுவில் இரண்டு கிட்டார். சேர்ந்து வாசித்தால் கூழாகிவிடுகிறது. ஃபுகாசியில் இரண்டும் தனித்தனியாகக் கேட்கிறதே, எப்படி?
(வாசகர், மதுரை)

கருவியிலேயே பிரிவினை இருக்கிறது. மெக்கை வாசித்தது கிப்சன் எஸ்.ஜி., மார்ஷல் ஆம்பில் (கிட்டார் ஒலிபெருக்கியில்): தடித்த நடுப்பகுதி. பிச்சோட்டோவினுடையது ரிக்கன்பேக்கர்: மெலிந்து கணீரென்ற மேல்பகுதி. தரையில் பெடல் வரிசை எதுவும் இல்லாமல் மெக்கை வாசித்ததையும் கவனியுங்கள். இன்னொரு காரணம் வரலாறு. முதல் தட்டில் பிச்சோட்டோ கிட்டார் வாசிக்கவேயில்லை, பாடினார். ‘ரிப்பீட்டர்’ காலத்தில்தான் கிட்டாரோடு வந்தார். ஏற்கெனவே முழுமையாக நின்ற மூவரின் இசையில் எங்கே இடம் காலியோ அங்கே மட்டும் நுழைந்தார்.

நீங்கள் செய்யவேண்டியது: இருவரும் ஆம்பில் உறுமலைக் கூட்டும் கெயினைப் பாதியாகக் குறையுங்கள்; வீட்டில் தனியாக வாசிக்க நன்றாக இருக்கும் உறுமல்தான் குழுவில் சேறாகிறது. இரண்டு கிட்டாரிலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி அந்த இடத்தைப் பேஸுக்குக் கொடுங்கள். ஒருவர் 500 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை சற்றே தூக்கினால் மற்றவர் 2,000 முதல் 3,000 வரை. இருவரும் ஒரே கார்டை ஒரே இடத்தில் பிடிக்காதீர்கள். ஒருவர் மேல் மூன்று தந்தியில் மட்டும் வாசிக்கட்டும். பிறகு அறை நடுவில் போனை வைத்துப் பதிவு செய்து, எட்டு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஒருவர் மாறி ஒருவர் நிறுத்திப் பாருங்கள். ஒருவர் நிறுத்தியும் எதுவும் குறையவில்லை என்றால், அவர் வாசித்தது அந்த இடத்துக்குத் தேவையில்லை.

ஸ்டீவ் ஆல்பினி பதிவு செய்த ஆல்பத்தையே தூக்கிப் போட்டார்களாமே?
(வாசகர், யாழ்ப்பாணம்)

1992ல் சிகாகோவில் ஒலிப்பதிவாளர் ஆல்பினியிடம் சில பாட்டுகளைப் பதிவு செய்து பார்க்கத்தான் போனார்கள். வேலை சுகமாக நடந்ததில் முழு ஆல்பமும் பதிவாகிவிட்டது. ஊர் திரும்பிக் கேட்டால் பிடிக்கவில்லை. ஆல்பினிக்கும் அதே எண்ணம். மனக்கசப்பு எதுவும் இல்லை. ஆர்லிங்டனின் இன்னர் இயர் ஸ்டூடியோவில், ஒலிப்பதிவாளர் டான் ஸியன்டாராவும் தயாரிப்பாளர் டெட் நைஸ்லியும் உடனிருக்க, மறுபடி முழுதும் பதிவு செய்ததே 1993ல் வந்த ‘இன் ஆன் தி கில் டேக்கர்’.

பதிவறையின் பெரிய ஸ்பீக்கரில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். ஒரு வாரம் தொடாமல் வைத்து, சாதாரண சத்தத்தில், வேறு அறையில் கேட்டபின் முடிவெடுங்கள். இரண்டு மிக்ஸை (ஒலிக்கலவையை) ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக்குங்கள். இல்லாவிட்டால் சத்தமானதைத்தான் காது நல்லது என்று சொல்லும்.

டி-ஷர்ட் ஏன் விற்கவில்லை?
(வாசகி, சேலம்)

துணி வியாபாரம் தங்கள் வேலை இல்லை என்று கருதினார்கள். யாரோ ‘இது ஃபுகாசி டி-ஷர்ட் அல்ல’ என்று அச்சடித்து விற்றது தனிக்கதை. இதே கண்டிப்பில்தான், மது, சிகரெட் விளம்பரம் போடும்வரை ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகைக்குப் பேட்டி இல்லை என்றார்கள். சிறு பத்திரிகைகளுக்குத் தாராளமாகப் பேசினார்கள். ஆனால் இன்று டி-ஷர்ட் விற்றால்தான் பல குழுக்களுக்குப் பெட்ரோல் காசு வருகிறது. இதை நீங்கள் பின்பற்றியாக வேண்டும் என்றில்லை.

எங்கள் கச்சேரிகளை மிக்ஸரிலிருந்து பதிவு செய்கிறோம். குரல் மட்டும் ஓங்கிக் கேட்கிறது, கிட்டாரே இல்லை. என்ன காரணம்?
(ஒலிப்பதிவாளர், புதுச்சேரி)

சிறிய அரங்கில் ஆம்பும் டிரம்ஸும் தாமாகவே போதிய சத்தம் தரும். ஒலிபெருக்கிக்குக் குரல்தான் தேவை. மிக்ஸர் வழியே போவதும் அதுதான், பதிவாவதும் அதுதான். மிக்ஸர் பதிவோடு அரங்கில் இரண்டு மைக் வைத்துத் தனி டிராக்கில் எடுத்துப் பிறகு கலக்கவேண்டும். கலக்கும்போது தாமதத்தைச் சரிசெய்ய மறக்காதீர்கள். ஒலி ஒரு மில்லிநொடியில் சுமார் 34 செ.மீ. போகும். மைக் மேடையிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருந்தால் ஏறக்குறைய 29 மில்லிநொடி பிந்தி வரும். அப்படியே கலந்தால் ஒவ்வொரு அடியும் இரட்டையாகக் கேட்கும். அந்த அளவுக்கு மைக் டிராக்கை முன்னுக்கு நகர்த்துங்கள். உச்ச அளவு மைனஸ் 10 டெசிபலில் நிற்கும்படி வையுங்கள். கூட்டம் கத்தும்போது அந்த இடைவெளிதான் காப்பாற்றும்.

ஃபுகாசியின் ஒலிப்பதிவாளர்கள் இதை வருடக்கணக்கில் விடாமல் செய்தார்கள். முதலில் கேசட், பிறகு டிஜிட்டல் டேப், பிறகு சிடி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகளில் 800க்கும் மேல் பதிவாகியிருக்கின்றன. 2011 டிசம்பரிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாக வெளியிடுகிறார்கள். விலை கேட்பவர் விருப்பம், ஒரு டாலர் முதல் நூறு வரை. அவர்கள் சொல்லும் விலை ஐந்து. ஒவ்வொரு பதிவோடும் தேதி, இடம், டிக்கெட் விலை, வந்தவர் எண்ணிக்கை, மூலம் கேசட்டா டேப்பா என்ற விவரம் எல்லாம் இருக்கின்றன. அன்றன்றே உறையில் எழுதி வைத்ததால்தான் இது முடிந்தது. நீங்களும் கோப்பின் பெயரிலேயே தேதி, ஊர், அரங்கு மூன்றையும் எழுதி, வெவ்வேறு வீட்டில் இரண்டு பிரதி வையுங்கள்.

பாட்டுக்கான வருமானத்தை எப்படிப் பிரிப்பது? எழுதுபவர் ஒருவர், மெட்டு ஒருவர், மற்றவர்கள் வாசிப்பவர்கள்.
(இசைக்குழு, திருச்சி)

ஃபுகாசி நால்வர் பெயரிலும் சமமாக எழுதியது. யார் கொண்டுவந்த துணுக்காக இருந்தாலும் பயிற்சி அறையில் நால்வரும் உருட்டியபின்தான் அது பாட்டாகும் என்பதால் அது நியாயமாகவும் இருந்தது. உங்கள் குழுவில் வேலை அப்படி நடக்காவிட்டால் சதவீதம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியச் சட்டத்தில் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி உரிமை. 2012 திருத்தத்துக்குப் பின், சினிமாவில் சேராத பாட்டை எந்த வழியில் பயன்படுத்தினாலும் வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தந்தாலும் செல்லாது. பாட்டு முடிந்த அன்றே ஒரு தாளில் தலைப்பு, தேதி, யாருக்கு வரிகளில் எவ்வளவு, மெட்டில் எவ்வளவு என்று மொத்தம் 100 வரும்படி எழுதிக் கையெழுத்திடுங்கள். வரி, மெட்டு எழுதியவர்கள் ராயல்டியை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராகுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் தனி ஐ.எஸ்.ஆர்.சி. எண் (ஒலிப்பதிவின் அடையாள எண்) வேண்டும், அதே பாட்டின் மேடைப் பதிவுக்கு ஸ்டூடியோப் பதிவின் எண்ணைப் போட்டால் வருமானம் குழம்பும்.

மறுபடி சேர்வார்களா?
(பல வாசகர்கள்)

2002 நவம்பர் 4 அன்று லண்டன் ஃபோரம் அரங்கில் வாசித்ததுதான் இதுவரை கடைசி. உடைந்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை, காலவரையற்ற இடைவேளை என்றார்கள். குழந்தைகள் பிறந்தார்கள், வீட்டுப் பொறுப்புகள் கூடின, வருடத்தில் பல மாதம் வேனில் போக முடியவில்லை. பாதி மனதோடு, எப்போதாவது வாசிக்கும் குழுவாக இருக்க அவர்கள் விரும்பவில்லை. சரியான முடிவு என்றே நினைக்கிறோம்.

நால்வரும் இசையை விடவில்லை. லாலியும் கான்டியும் கிட்டார் கலைஞர் ஆன்டனி பிராக்கோடு மெஸ்தெட்டிக்ஸ் குழுவில் வாசிக்கிறார்கள். சாக்ஸஃபோன் கலைஞர் ஜேம்ஸ் பிராண்டன் லூயிஸோடு அவர்கள் 2024ல் வெளியிட்ட ஆல்பத்தை ஜாஸ் கேட்பவர்களும் விரும்புவார்கள். மெக்கை, லாலி, ஏமி ஃபரினா மூவரும் சேர்ந்த கோரிக்கியின் ஆல்பம் 2020ல் வந்தது. 1988 ஜனவரியில் இன்னர் இயரில் எடுத்த ஃபுகாசியின் முதல் மாதிரிப் பதிவும் 2014ல் தட்டாக வந்திருக்கிறது. ‘13 சாங்ஸ்’ கேட்டு முடித்தவர்கள் அதையும் கேளுங்கள். அதே பாட்டுகள் சில அதில் வேறு வேகத்தில் இருக்கும்.